தம்பி சொல்வதும் சரி, மகன் கேட்பதும் சரி: ஓவர்வாட்ச் 2-க்குப் பணம் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஓவர்வாட்ச் 2 என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறான். இலவசம் என்று சொல்லித்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினான். இப்போது பேட்டில் பாஸ் (சீசன் முழுக்க ஆடி, படிப்படியாகப் பரிசு வாங்கும் சீட்டாம்) வேண்டும், அதோடு ஒரு ஸ்கின்னும் (ஆடும் பாத்திரத்துக்குப் போடும் வேஷமாம்) வேண்டும் என்று இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் போய்ப் பார்த்தால் ரிவ்யூ எல்லாம் திட்டாக இருக்கிறது. முதல் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கிய என் தம்பி, "அக்கா, ஒரு பைசா போடாதே, சுத்த ஏமாற்று வேலை" என்கிறான். மகனோ, "மாமா பழைய கதையைப் பேசுகிறார்" என்கிறான். நான் யாரை நம்புவது? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: இரண்டு பேரையும் நம்பலாம். இருவரும் வேறு வேறு வருடத்து கேமைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி கேம்கள் வாங்கி வைத்த சாமான் போல அப்படியே இருப்பதில்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை கடையும் சட்டமும் மாறும். அதனால் யார் என்ன குறை சொன்னாலும், எப்போது சொன்னார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

தம்பியின் கோபத்திலிருந்து தொடங்குகிறேன். அது ஸ்கின் விலையைப் பற்றியது மட்டும் இல்லை. முதல் ஓவர்வாட்ச் 2016 மே மாதம் வந்தது. கம்ப்யூட்டரில் 40 டாலர், கன்சோலில் 60. வாங்கியவர்கள் ஆறு வருடம் ஆடினார்கள். 2022 அக்டோபர் 3 அன்று பிளிசார்ட் நிறுவனம் அதன் சர்வர்களை நிறுத்தியது. மறுநாளே ஓவர்வாட்ச் 2 இலவசமாக வந்தது. (2026-இல் பெயரிலிருந்த '2'-ஐ எடுத்துவிட்டார்கள்.) வழக்கமாக ஒரு கேமுக்கு இரண்டாம் பாகம் வந்தால் முதல் பாகம் எங்கேயும் போகாது. பிடித்தவர்கள் பழையதையே ஆடிக்கொண்டிருக்கலாம். இங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. சேர்த்த ஸ்கின்கள் புதிய கேமுக்கு வந்து சேர்ந்தன, ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்த ஆட்டம் போய்விட்டது. உங்கள் தம்பி வீட்டில் டிஸ்க் இருந்தால், அதை இப்போது ஜன்னலில் புறா விரட்டத் தொங்கவிடலாம்.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. 2019 நவம்பரில் இந்த இரண்டாம் பாகத்தை அறிவித்தபோது, அதற்கு '2' என்று பெயர் வைக்கச் சொன்ன காரணமே கதைப் பகுதிதான். நண்பர்கள் சேர்ந்து கணினிக்கு எதிராக ஆடுவது, ஒவ்வொரு ஹீரோவும் (நாம் எடுத்து ஆடும் பாத்திரம்) புதுத் திறமைகளைக் கற்று வளர்வது, திரும்பத் திரும்ப ஆடும்படியான ஹீரோ மிஷன்கள் என்று மேடையில் காட்டினார்கள். அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய ஜெஃப் கேப்லன் 2021 ஏப்ரலில் விலகினார். ஆரன் கெல்லர் பொறுப்புக்கு வந்தார். 2022-இல் கேம் வந்தபோது கதைப் பகுதி இல்லை, பின்னால் வரும் என்றார்கள். 2023 மே மாதம், ஹீரோ மிஷன்களைக் கைவிட்டுவிட்டோம் என்று அறிவித்தார்கள். பாயசம் வரும் என்று பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவரிடம், இன்று பாயசம் வைக்கவே இல்லை என்று சொன்ன கதை.

இப்போது ஸ்டீம் ரிவ்யூவுக்கு வருவோம், ஏனென்றால் உங்களைக் கலக்கியது அதுதான். இந்த கேம் ஸ்டீமுக்கு வந்த தேதியைப் பாருங்கள்: 2023 ஆகஸ்ட் 10. ஹீரோ மிஷன்களைக் கைவிட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதுவரை கம்ப்யூட்டரில் பிளிசார்டின் சொந்தக் கடையில் மட்டும் இருந்ததால், ஆட்டக்காரர்கள் குறை எழுதக் கடையிலேயே ஓர் இடம் இருக்கவில்லை. கதவு திறந்த அன்றே, பத்து மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. போதாததற்கு, கைவிட்டது போக மிச்சமிருந்த மூன்று கதை மிஷன்களை அதே நாளில் 15 டாலருக்கு விற்றார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒன்பது ரிவ்யூ எதிர்மறை. ஸ்டீம் தரும் முத்திரைகளிலேயே கடைசிப் படி.

இதில் இன்னொரு விஷயமும் கலந்திருந்தது. சீனாவில் இந்த கேமை நடத்திக்கொண்டிருந்த நெட்ஈஸ் நிறுவனத்துக்கும் பிளிசார்டுக்கும் இருந்த ஒப்பந்தம் 2023 ஜனவரி 23-உடன் முடிந்து, அங்கே சர்வர்கள் மூடப்பட்டன. (2025-இல்தான் மறுபடி திறந்தார்கள்.) ஒரு நாட்டின் ஆட்டக்காரர்கள் மொத்தமாகத் தெருவில் நின்றார்கள். ஸ்டீமில் வந்து விழுந்த திட்டில் பெரும்பங்கு சீன மொழியில் இருந்தது. அவர்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் திருப்பூரில் உட்கார்ந்து, மகனுக்கு பாஸ் வாங்கலாமா என்று யோசிக்கும் உங்களுக்கு அது பதில் இல்லை.

ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டீமில் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பக்கத்தில், எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று போட்டிருக்கும். கடைசி 30 நாளில் வந்தவை தனியாகக் கிடைக்கும். மொழிவாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிய ஒருவர் போன வாரம் எழுதிய நாலு வரி, 2023 ஆகஸ்டில் அரை மணி நேரம் ஆடிவிட்டு ஒருவர் எழுதிய கெட்ட வார்த்தையைவிட உங்களுக்குப் பயன்படும். அந்தக் கெட்ட வார்த்தையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதன் தேதி முடிந்துவிட்டது.

ஆட்டத்தின் அமைப்பைப் பற்றிய குறை வேறு ரகம். முதல் பாகத்தில் அணிக்கு ஆறு பேர்: முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் இருவர், சுடுகிறவர் இருவர், காயத்தை ஆற்றுகிறவர் இருவர். இரண்டாம் பாகத்தில் ஒரு டேங்கை எடுத்துவிட்டு ஐந்து பேர் ஆக்கினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு டேங்க் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஆட்டம் நகராது. டேங்க் ஆட விரும்புகிறவர்களும் குறைவு. அதனால் சுடுகிறவர்கள் ஆட்டத்துக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கபடியில் இரண்டு கார்னரில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஆடச் சொன்னால் என்ன ஆகும்? மிச்சமிருக்கிற ஒருவர் மேல் மொத்தப் பாரமும் விழும். தோற்றால் டேங்க்தான் காரணம் என்று நாலு பேரும் அவரைத் திட்டுவார்கள். எதிரணி டேங்கை மாற்றினால் இவரும் உடனே மாற்ற வேண்டும், அவர் மறுபடி மாற்றினால் இவரும் மறுபடி. முதல் பாகத்தில் அண்ணன் தம்பியாக இரண்டு டேங்க் ஆடிப் பழகிய ஜோடிகள் எத்தனையோ. அவர்களுக்கு ஆட்டமே பிரிந்துபோனது.

இந்தக் குறை நிறுவனத்தின் காதிலும் விழாமல் இல்லை. 2024 கடைசியில் ஆறு பேர் ஆட்டத்தைச் சோதனையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் ஐந்தா ஆறா என்பது ருசி சம்பந்தப்பட்டது. நான் ஆறு பேர் கட்சி. உங்கள் மகன் ஐந்து பேர் ஆட்டத்தில் பிறந்தவன், அவனுக்கு இது குறையாகவே தோன்றாது. பணம் போடுவதா வேண்டாமா என்பதில் இதற்கு வேலை இல்லை.

வேலை இருக்கிற இடம் கடைதான். அதைக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்கலாம்.

முதல் பாகத்தில் லூட் பாக்ஸ் என்று ஒன்று இருந்தது. ஆடி லெவல் ஏறினால் ஒரு பெட்டி வரும், உடைத்தால் நாலு பொருள். காசு கொடுத்தும் பெட்டி வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது என்பதால் அதைச் சூதாட்டம் என்று திட்டினார்கள். 2018-இல் பெல்ஜியம் அரசு சட்டப்படியே சூதாட்டம் என்று சொல்ல, பிளிசார்ட் அந்த நாட்டில் பெட்டி விற்பதை நிறுத்தியது. சரி, இரண்டாம் பாகத்தில் பெட்டியே இல்லை என்றார்கள். எல்லோரும் கைதட்டியிருக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குப் பதிலாக வந்தது நேரடிக் கடை. அதற்குப் பிறகுதான், "அந்தச் சூதாட்டப் பெட்டியையே திருப்பிக் கொடுங்கள்" என்று அதே ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் கணக்குப் போட்டால் சிரிப்பு வராது.

கேம் வந்த சமயத்தில் நல்ல ஸ்கின் ஒன்றின் விலை 1900 காயின், அதாவது கேமுக்குள் மட்டும் செல்லும் பணம். ஆடியே காயின் சேர்க்க வேண்டுமென்றால், வாரச் சவால்களை எல்லாம் முடித்தால் வாரத்துக்கு அதிகபட்சம் 60 காயின். 1900-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: 32 வாரம். ஒரு வாரம்கூட விடாமல் ஏழெட்டு மாதம் ஆடினால் ஒரு சட்டை. பேட்டில் பாஸ் 1000 காயின். அதற்கு 17 வாரம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு சீசன். ஒரு சீசனே அப்போது ஒன்பது வாரம்தான். பழைய கேமில் சும்மா ஆடிக்கொண்டிருந்தாலே பெட்டி பெட்டியாக வந்து விழுந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் அந்தக் காயின் பொட்டலங்கள். 5 டாலருக்கு 500, 10 டாலருக்கு 1000, 20 டாலருக்கு 2200 என்று வைத்தார்கள். 1900 காயின் ஸ்கின் வேண்டுமென்றால் 20 டாலர் பொட்டலம்தான் வாங்க முடியும். வாங்கியபின் 300 காயின் மிச்சம் நிற்கும். 300-க்கு உருப்படியாக ஒன்றும் வராது. நம் ஊர் மளிகைக்கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்களே, அது போலத்தான். ஒரு வித்தியாசம், அந்த மிட்டாயையாவது தின்னலாம். இந்த 300, "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னொன்று வாங்கலாமே" என்று நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். வேறொரு கேமில், பெயர் வேண்டாம், எனக்கும் 140 காயின் நாலு வருடமாக இப்படிக் கிடக்கிறது. ரூபாயை காயினாக மாற்றுவதன் இன்னொரு நோக்கம், விலையை மறைப்பது. பொருட்காட்சியில் டோக்கன் வாங்கிவிட்டால் ராட்டினத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. துப்பாக்கியில் தொங்கும் பச்சிமாரி என்ற குட்டிப் பொம்மை ஒன்றை 700 காயினுக்கு விற்றார்கள். 7 டாலர்! அதே பொம்மையின் நிஜச் சாவிக்கொத்து, கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது, நிறுவனத்தின் சொந்தக் கடையில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. 2022 அக்டோபரில் இணையமே இதைச் சொல்லிச் சிரித்தது.

ஆனாலும் இவையெல்லாம் வேஷம்தான், உடுத்தாவிட்டால் தோற்கப்போவதில்லை. நிஜமான அநியாயம் வேறு இடத்தில் இருந்தது. புதிதாக வந்த கிரிகோ என்ற ஹீரோவை முதல் சீசனில் பேட்டில் பாஸின் இலவசப் பக்கத்தில் 55-ஆம் படியில் வைத்தார்கள். பாஸ் வாங்கியவனுக்கு முதல் நாளே கிடைக்கும். வாங்காதவன் படி ஏற வேண்டும். எதிரி எந்த ஹீரோவோ அதற்கு ஏற்றபடி நாம் மாற்றுவதுதான் இந்த கேமின் உயிர். அப்படிப்பட்ட கேமில் ஹீரோவைப் பூட்டி வைப்பது, செஸ் போர்டில் ஒருவனுடைய குதிரையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வது போல.

இங்கேதான் எந்த கேமுக்கும் நான் வைக்கும் சோதனை: காசு கொடுத்தால் அழகு கிடைக்கிறதா, பலம் கிடைக்கிறதா? 2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 சிக்கியது இதில்தான். அதுவும் இரண்டாம் பாகம், அதுவும் 60 டாலர் கேம். அதற்குள் டார்த் வேடர் என்ற பெயர்பெற்ற வில்லனைத் திறக்க 60,000 கிரெடிட் என்று வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளில் பலம் கூட்டும் கார்டுகள் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் வேடர் விலையை 75 சதவீதம் குறைத்து 15,000 ஆக்கினார்கள். அப்போதும் அடங்கவில்லை. கேம் கடைக்கு வருவதற்கு முந்தின நாள், உள்ளே காசு வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருடம் கடையைத் திறந்தபோது உடை வகையறா மட்டும்தான் இருந்தது.

ஓவர்வாட்சிலும் திட்டு வேலை செய்தது, மெதுவாக. 2024 ஏப்ரலில் பத்தாவது சீசனிலிருந்து எல்லா ஹீரோவும் எல்லோருக்கும் இலவசம், புதிதாக வருகிறவர் உட்பட. அதாவது காசுக்கும் பலத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. 2025 பிப்ரவரியில், பதினைந்தாவது சீசனில், லூட் பாக்ஸும் திரும்பி வந்தது. இந்தத் தடவை பெட்டியைத் தனியாகக் காசுக்கு விற்கவில்லை. ஆடினால் கிடைக்கும், எது கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன், மாமா பழைய கதை பேசுகிறார் என்று சொல்வது இதைத்தான். இந்த விஷயத்தில் பையன் சொல்வது சரி.

கைவிட்ட கதைப் பகுதி மட்டும் திரும்பவில்லை. அதில் தம்பி சொல்வது சரி. அந்த அனுபவத்திலிருந்து உங்களுக்கு ஒரே ஒரு விதி: இன்று திரையில் இருக்கிற பொருளுக்கு மட்டும் பணம் கொடுங்கள். "அடுத்த சீசனில் பெரிய அப்டேட் வருதும்மா" என்று மகன் சொன்னால், வந்தபிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் பர்ஸ். மகன் இரண்டு பொருள் கேட்கிறான், இரண்டும் ஒன்றில்லை.

ஸ்கின்னைத் தள்ளிப் போடுங்கள். கடையில் "இன்னும் இத்தனை நாள்தான்" என்று கடிகாரம் ஓடும். அதைப் பார்த்துத்தான் இரண்டு வாரமாகப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். பெரும்பாலான ஸ்கின்கள் கொஞ்ச மாதத்தில் மறுபடி கடைக்கு வரும். இன்னொன்றும் அவனிடம் கேட்டுப் பாருங்கள். இது பெரும்பாலும் ஹீரோவின் கண் வழியாகவே பார்த்து ஆடும் கேம். ஆடும்போது அவன் திரையில் தெரிவது தன் ஹீரோவின் இரண்டு கையும் துப்பாக்கியும்தான். மிச்ச வேஷத்தை முழுசாகப் பார்ப்பது மற்ற ஆட்டக்காரர்கள். இதைச் சொன்னதும் என் அக்கா மகன் அரை நிமிடம் பேசவில்லை. பிறகு, "ஜெயிச்சா கடைசியில் காட்டுவாங்க" என்றான். அதுவும் உண்மைதான்.

பேட்டில் பாஸில் ஒரு நெளிவு இருக்கிறது. அதற்கு 80 படி. பாஸ் வாங்காமல் ஆடினாலும் படி ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு என்றைக்கு வாங்கினாலும், அதுவரை ஏறிய படிகளுக்கான பரிசு அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஹீரோ இலவசமானபிறகு முதல் நாளே வாங்குவதில் பெரிய லாபம் இல்லை. பாதியில் பரீட்சை வந்து ஆட முடியாமல் போனால், முதல் நாள் கொடுத்த காசு நட்டம். அதனால் சீசனின் கடைசி வாரம்வரை பணம் எடுக்காதீர்கள்.

வாங்க முடிவு செய்தால், கார்டு நம்பரை மகனுடைய கணக்கில் சேமித்து வைக்க வேண்டாம். தேவையான தொகையை மட்டும் ஸ்டீம் வாலட்டில் நீங்களே போடுங்கள், யுபிஐ-யிலேயே முடியும். ஸ்டீமில் ஆடினாலும் பேட்டில்நெட் என்ற பிளிசார்ட் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதியில் செலவுக்கும் ஆடும் நேரத்துக்கும் வரம்பு வைக்கலாம். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே வையுங்கள், ரகசியமாக வைத்தால் வீட்டில் சண்டைதான். இன்னொரு விஷயம்: ஸ்டீமில் ஒரு கேமை வாங்கி, 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். இந்த வசதி காயினுக்குத் தானாக வராது. கேம் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தால்தான் உண்டு, அதுவும் 48 மணி நேரத்துக்குள், காயினைத் தொடாமல் வைத்திருந்தால். ஸ்கின் வாங்கிவிட்டு மனசு மாறினால் போனது போனதுதான்.

இன்று சாயங்காலம் மகனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சீசன் முடிய இன்னும் எத்தனை நாள், நீ இப்போது எத்தனையாவது படியில் நிற்கிறாய்? இரண்டும் பேட்டில் பாஸ் பக்கத்தில் மேலேயே போட்டிருக்கும். கடைசி வாரத்தில் அறுபதைத் தாண்டியிருந்தால் 1000 காயின் மட்டும் வாங்கிக் கொடுங்கள். இருபதில் நின்றால் அடுத்த சீசன்.